பொருளாளர் வீட்டுப் பரணும் டைமர் சீட்டும்: உங்கள் ஊர் பேச்சு மன்றத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

எங்கள் பேச்சு மன்றத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள் கேட்டது நாலே பக்கம். ஆண்டு விழா மலரில், தலைவர் வாழ்த்துரைக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் போட்டுக்கொள்ள. "ஆரம்பத்துலேர்ந்து இருக்கீங்க மேடம், உங்களுக்குத் தெரியாததா? உட்கார்ந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார் செயலாளர். அவருக்கு வயது இருபத்தாறு. தனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அவர் கணக்கில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்கள்தான். நான் சேரும்போதே மன்றத்துக்கு ஆறு வயது.

அந்த ஒரு மணி நேரம் பதினான்கு மாதம் ஆனது. நாலு பக்கம் 64 பக்கமாகி, மலரில் அடங்காமல் தனிப் புத்தகமாக வந்தது. இடையில் இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டார். உங்கள் ஊர் மன்றத்தின் கதையை எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால், நான் முட்டிக்கொண்ட இடங்களைச் சொல்கிறேன். எங்களுடையது திருச்சியில், பேச்சுப் பயிற்சி மன்றங்களின் உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனலோடு இணைந்த மன்றம். உங்களுடையது எதிலும் சேராத தனி மன்றமாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் பொருளாளர் வீட்டுக்குப் போங்கள்

எல்லாரும் பழைய தலைவர்களைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்கள். நானும் அப்படித் தொடங்கி ஒரு மாதத்தை வீணாக்கினேன். தலைவர்கள் வீட்டில் கேடயம் இருக்கும், பொன்னாடை போர்த்திய படம் இருக்கும், நல்ல காபி கிடைக்கும். காகிதம் இருக்காது. காகிதமெல்லாம் பொருளாளர்களிடம்தான். என்றைக்காவது யாராவது வந்து கணக்குக் கேட்பார்கள் என்ற பயம் அவர்களை விடுவதே இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் 31 வருஷம் பாலிசி ஃபைல்களோடு குடித்தனம் நடத்திய எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.

எங்கள் மூன்றாவது பொருளாளர் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கித் தந்தார். உள்ளே அரங்க வாடகை ரசீதுகள், டீக்கடைச் சீட்டுகள், சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், ஒரு பேங்க் பாஸ்புக். கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகத்தில் "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்று இருக்கும். அதே தேதி டீச் சீட்டில் "டீ 7" என்று இருக்கும். பேச்சாளர், மதிப்பீட்டாளர், டைமர், தொகுப்பாளர் எல்லாரையும் கழித்தால் கேட்க ஆளே இல்லாத கூட்டம் அது.

டின்னைத் திறந்ததும் ஆர்வத்தில் எதையும் இழுக்காதீர்கள். பழைய ரப்பர் பேண்ட் இளகிக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். கத்தரித்துவிட்டு, ஒட்டிய துணுக்கை அப்படியே விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பின்பக்கம் திருப்பி, இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு எடுங்கள். மெஷினில் அடித்த வழவழப்பான ரசீது இருந்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், அது நாளாக நாளாக வெளுத்துப் போகும். பத்திரப்படுத்துகிறேன் என்று அதை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன். சூடு பட்டதும் முழுக் காகிதமும் கறுத்துவிட்டது. ஓர் அரையாண்டு வாடகைக் கணக்கு இப்போது என்னிடம் கறுப்புப் பட்டையாகப் பளபளவென்று இருக்கிறது.

படம் எடுத்த ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள், கடைசியில் என்ன காகிதம் என்பது. 2012-07-14-டைமர் என்கிற மாதிரி. நாளை முதலில் போட்டால் கம்ப்யூட்டர் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியையும் ஒரே இடத்தில் குவித்துவிடும்.

டைமர் சீட்டு

பேச்சு மன்றத்துக்குப் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் டைமர். வழக்கமான பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். ஐந்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அரை நிமிடம் முன்பின் போகலாம். டேபிள் டாபிக்ஸ் என்கிற திடீர்ப் பேச்சுக்கு 1 முதல் 2 நிமிடம். கூட்ட முடிவில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று டைமர் எழுந்து வாசிப்பார். வாசித்த சீட்டை யாரும் சட்டை செய்வதில்லை. எங்கள் மன்றத்தில் அது அட்டைகளோடும் மணியோடும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் போகும். பை நிறைந்தால் புதுப் பை. பழைய பை, அந்த வருஷம் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் பதவியில் இருந்தவர் வீட்டில் தங்கிவிடும். நாற்காலி போடுவதும் பேனர் கட்டுவதும் அவர் வேலை என்பதால் பையும் அவர் பொறுப்பு.

ஐந்து வீடுகளில் ஏழு பைகள் கிடைத்தன. ஒரு பைக்குள் வீட்டுக்காரம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தார்.

மினிட்ஸை எழுதியவர், நாளைக்கு யாராவது படிப்பார்கள் என்று தெரிந்து எழுதியவர். டைமர் அப்படி எழுதவில்லை. ஒரே ஒரு சீட்டைச் சொல்கிறேன். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். நாலு பேச்சாளர்கள். முதல் மூவருக்கு 6:10, 7:02, 6:48. நாலாவது பெயருக்கு எதிரே 1:50. பக்கத்தில் பொடி எழுத்தில், "தண்ணீர் கொடுத்தோம்." அது அவருடைய முதல் பேச்சு. ஐஸ் பிரேக்கர் என்பார்கள், தன்னைப் பற்றி 4 முதல் 6 நிமிடம் பேச வேண்டும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு சீட்டில் அதே பெயர், 3:15. அப்புறம் மூன்று மாதம் ஆளைக் காணோம். பிறகு 5:40. மினிட்ஸில் இந்த மூன்று நாளுக்கும் "நான்கு உறுப்பினர்கள் உரையாற்றினர்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப இருக்கிறது. அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். நேரங்களைப் போட்டுக்கொள்ளலாம், பேர் மட்டும் வேண்டாம் என்றார். புத்தகத்தில் அப்படியே போட்டேன். படித்தவர்கள் எல்லாரும் அது தான்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சீட்டுகளையெல்லாம் ஒரு பட்டியலில் ஏற்றுங்கள். தேதி, இடம், வந்தவர்கள் எண்ணிக்கை, பேசியவர்கள், நேரம், மொழி. அலுப்பான வேலை, தினம் பத்துச் சீட்டு என்று வைத்துக்கொண்டால் தெரியாது. முடித்துவிட்டு மேலிருந்து கீழே ஒருமுறை பார்வையை ஓட்டினால், யாரும் உங்களிடம் சொல்லாத சங்கதிகள் தெரியும். எங்கள் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட ஜூலைக்குப் பிறகு அறுபது தாண்டிய ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். புதுத் தலைவரைப் பிடிக்காமல் போய்விட்டார்கள் என்று அதுவரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அந்தத் தலைவரும் அதை நம்பி இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்தார். வாடகை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த ஜூலையில் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு அரங்கம் மாறியிருக்கிறோம். லிஃப்ட் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கணக்கில் ஆண்டு என்பது ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. "2011 தலைவர்" என்று யாராவது சொன்னால் அது இருவரில் யாராகவும் இருக்கலாம். 2011-12 என்று இரண்டு வருஷத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வாரந்தோறும் கூடும் மன்றங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அப்படிப்பட்ட மன்றமாக இருந்தால் தலைவர் பட்டியல் இன்னும் குழம்பும். நான் இதில் தடுக்கி விழுந்து ஒருவருடைய பதவிக்காலத்தை முழுசாக இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். ப்ரூஃபில் அவர் மனைவி கண்டுபிடித்தார்.

மன்றம் என்றைக்குப் பிறந்தது

இது சுலபமான கேள்வி போலத் தெரியும். எங்களுக்கு மூன்று பதில் இருந்தது. விஜயதசமியன்று தொடங்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். மன்றத்தை இணைத்துக்கொண்டதற்குத் தலைமையகம் தந்த சார்ட்டர் சான்றிதழில் வேறு தேதி. முதல் வாடகை ரசீது இரண்டுக்கும் வெகு முன்னால், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முன்னால்.

சார்ட்டர் தேதியை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. இணைந்த மன்றம் ஒவ்வொன்றுக்கும் தலைமையகம் தந்த எண் ஒன்று உண்டு. மன்றத்தின் பெயர் மாறினாலும், மன்றங்களைத் தொகுத்து அமைப்பு வகுத்திருக்கும் மாவட்டங்கள் பிரிந்து மாவட்ட எண் மாறினாலும், மன்ற எண் மாறாது. அதை வைத்துத் தேடினால் சார்ட்டர் தேதி அமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் சார்ட்டர் வாங்க 20 பேர் வேண்டும். அந்த இருபது பேர் சேரும்வரை ஏழும் எட்டும் பேராகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்களே, அந்தச் சனிக்கிழமைகளை எந்தக் கணக்கில் வைப்பது?

டோஸ்ட்மாஸ்டர்ஸுக்கே இந்தச் சிக்கல் உண்டு. நிறுவியவர் ரால்ஃப் ஸ்மெட்லி. கல்லூரி முடித்த கையோடு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புளூமிங்டன் என்ற ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வரும் பையன்களுக்கு நாலு பேர் முன்னால் எழுந்து பேசவும் ஒரு கூட்டத்தை நடத்தவும் தெரியவில்லை என்று பார்த்து, 1905-இலேயே ஒரு பேச்சுக் குழுவைத் தொடங்கினார். விருந்துகளில் பேச்சாளர்களை அறிமுகம் செய்து நடத்திக் கொடுப்பவருக்கு அந்தக் காலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர், அதையே குழுவுக்கு வைத்தார். பிறகு வேலை மாற்றலில் ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் தொடங்குவார், அவர் கிளம்பியதும் அது படுத்துவிடும். கடைசியில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில், 1924 அக்டோபர் 22 அன்று கூட்டிய மன்றம்தான் நின்றது, பரவியது, 1932-இல் சட்டப்படி பதிவானது. அமைப்பு தன் பிறந்த நாளாக எடுத்துக்கொண்டது 1924-ஐ. ஆனால் 1905-ஐ மறைக்கவில்லை, கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நானும் அதே வழியில் போனேன். அட்டையில் சார்ட்டர் தேதி. முதல் அத்தியாயம் அந்த முதல் வாடகை ரசீதிலிருந்து. விஜயதசமி? அன்றைக்குப் புது மினிட்ஸ் புத்தகம் ஒன்றுக்கு மஞ்சள் தடவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மஞ்சள் கறை முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒருவர் என்னோடு பேச்சை நிறுத்தினார். எங்கள் மன்றத்துக்கு நிறுவனர் என்று ஒரே ஒருவரை வருஷா வருஷம் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். முதல் பதினோரு வாடகை ரசீதில் ஒன்றுகூட அவர் பேரில் இல்லை. வேறு நாலு பேர் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். "நிறுவனர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "தொடக்க உறுப்பினர்கள்" என்று அவரையும் சேர்த்து ஐந்து பெயரையும் அகர வரிசையில் போட்டேன். அவர் பெயர் நாலாவதாக வந்தது. அகர வரிசை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

ஆட்களிடம் எதைக் கேட்பது

காகிதத்தை முடித்த பிறகு ஆட்களிடம் போங்கள். முன்னாலேயே போனால் அவர்கள் சொல்லும் கதை மனதில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ரசீதைக்கூட அந்தக் கதைக்குத் தகுந்தபடிதான் படிப்பீர்கள்.

பேச்சு மன்றத்துக்காரர்களைப் பேட்டி எடுப்பதில் தனித் தொல்லை உண்டு. அவர்கள் பேசத் தெரிந்தவர்கள். "அந்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்க சார்" என்றால் தொடக்கம், நடு, முடிவு, ஒரு திருக்குறள் என்று ஏழு நிமிடத்தில் முடித்துக் கைதட்டலுக்கு நிற்பார்கள். அதில் எழுத ஒன்றும் கிடைக்காது. எனவே பொருளைக் கேளுங்கள். நாற்காலி யாருடையது, மணி எங்கே வாங்கியது, கூட்டம் முடிந்து எந்தக் கடையில் நின்று பேசினீர்கள், கரண்ட் போனால் என்ன செய்தீர்கள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஐவரில் மூத்தவர். என் கேள்விகளுக்கெல்லாம் "எல்லாம் கூட்டு முயற்சிம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோனில் ரெக்கார்டு ஓடுகிறது, எனக்கோ சலிப்பு. கடைசியில், "முதல் போடியம் யார் செஞ்சது சார்?" என்றேன்.

"நான்தான். தேக்கு."

"இப்ப எங்க இருக்கு?"

அவர் பதில் சொல்லாமல் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "வாங்கம்மா, வந்து பாருங்க" என்றார். அடுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. மேலே மிக்ஸி, கீழ்த்தட்டில் எண்ணெய் டின். குறிப்பு வைத்துப் படிப்பதற்காகச் சரிவாக இருந்த மேல்பலகையைக் கழற்றி மட்டமாக்கிப் போட்டிருந்தார்கள். நானும் அந்த அம்மாவும் சேர்ந்து மிக்ஸியை இறக்கிவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தோம். தேதியோ பெயரோ எழுதியிருக்கும் என்று எனக்கு ஆசை. ஒன்றும் இல்லை. நாலு காலில் மூன்றில் மட்டும் ரப்பர் புஷ் இருந்தது.

அவருக்கு அதைப் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது. நாலாவது புஷ் அரங்கம் மாற்றும்போது விழுந்ததையும், அதிலிருந்து போடியம் ஆட ஆரம்பித்ததையும், அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்ததையும், போடியம் ஆடுகிறதா பேச்சாளர் ஆடுகிறாரா என்று மதிப்பீட்டாளர்கள் கிண்டலடித்ததையும் நாற்பது நிமிடம் சொன்னார். திருக்குறள் ஒன்றுகூட வரவில்லை.

அந்த மடித்த அட்டை எனக்குப் பின்னால் பெரிய உதவி செய்தது. கையில் நூற்றுக்கும் மேல் படங்கள், பின்பக்கம் தேதி எதுவும் கிடையாது. எல்லாப் படத்திலும் அதே பேனர், அதே நீலத் திரை. ஆனால் போடியத்தின் கால் தெரிகிற படங்களில், அடியில் அட்டை இருந்தால் அரங்க மாற்றத்துக்குப் பிந்தியது, இல்லாவிட்டால் முந்தியது. இப்படி ஒவ்வொரு மன்றத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். சுவர்க் காலண்டர் தேடுங்கள், பேனரில் மாவட்ட எண் மாறியிருக்கிறதா பாருங்கள், யாருக்கு எப்போது மூக்குக்கண்ணாடி வந்தது என்று வீட்டாரைக் கேளுங்கள். முகத்தைப் பார்க்கும் முன்னால் படத்தின் ஓரங்களைப் பாருங்கள்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

டோஸ்ட்மாஸ்டர்ஸில் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது 1973-இல்தான். ஆனால் ஹெலன் பிளான்சார்ட் என்ற அமெரிக்கப் பெண் 1970-இலேயே உறுப்பினர். ஹோமர் பிளான்சார்ட் என்று ஆண் பெயரில் பதிந்துகொண்டார். பின்னால் 1985-இல் அந்த அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரும் அவரே ஆனார். அந்த மன்றத்தின் உறுப்பினர் பட்டியலை மட்டும் நம்பி வரலாறு எழுதியிருந்தால், 1970-இல் அங்கே ஒரு பெண்கூட இல்லை என்றுதான் எழுதியிருப்போம்.

இதைப் படித்த பிறகு எங்கள் வருகைப் பதிவேட்டை மறுபடி புரட்டினேன். முதல் பெண் உறுப்பினர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு மூன்று வருஷம் முன்பே ஒரு பெண் பெயர். விருந்தினர் பகுதியில். தொடர்ந்து எட்டு மாதம். எட்டு மாதம் வருகிறவர் விருந்தினரா? சந்தாப் பணம் வீட்டில் கேட்க முடியவில்லை என்று பொருளாளருக்குத் தெரிந்திருக்கிறது, கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். டைமர் சீட்டுப்படி அந்த எட்டு மாதத்தில் டேபிள் டாபிக்ஸ் பதினொரு முறை பேசியிருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகவரி பதிவேட்டில் உறையூர் என்று மட்டும் இருந்தது. புத்தகத்தில் அந்த எட்டு மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். நீங்களும் விருந்தினர் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

சண்டைகளும் ஓட்டைகளும்

எல்லா மன்றத்திலும் ஒரு சண்டை இருக்கும். எங்களுடையது மொழிச் சண்டை. ஆங்கிலத்தில் பேசிப் பழகத்தானே வந்தோம் என்று ஒரு பாதி, வேலைக்கு ஆங்கிலம் சரி, மனசுக்கு என்ன செய்வது என்று இன்னொரு பாதி. ஓட்டெடுப்பு நடந்து, தோற்றவர்களில் சிலர் பிரிந்துபோய்த் தனியாக ஆரம்பித்தார்கள். விட்டுவிடலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். விட்டால் அடுத்த வருஷம் உறுப்பினர் எண்ணிக்கை பாதியானதற்கு என்ன காரணம் சொல்வது? மினிட்ஸில் இருந்த தீர்மானத்தையும் ஓட்டு எண்ணிக்கையையும் அப்படியே போட்டேன். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவரிடம் பன்னிரண்டு வரி எழுதி வாங்கினேன். வரிக் கணக்கு முக்கியம், இல்லாவிட்டால் ஒருவர் நாலு பக்கம் தருவார். பெயர் போடவில்லை. இருவருக்கும் அச்சுக்கு முன்னால் காட்டினேன். ஓட்டு எண்ணிக்கையைப் போட்டதற்காக ஒருவர் இரண்டு மாதம் ஃபோன் எடுக்கவில்லை. திரும்பப் பேச ஆரம்பித்தவர் இவர்தான்.

ஓட்டை விழுந்த இடங்களை மறைக்காதீர்கள். நாங்கள் கூடிக்கொண்டிருந்த ஓர் அரங்கத்தில் அலமாரியைக் காலி செய்தபோது எங்கள் இரண்டு வருஷத்து மினிட்ஸைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் ஒரு வருஷ வாடகை பாக்கி வைத்தது நாங்கள்தான் என்று பாஸ்புக் சொன்னதால், அதையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தை மீட்டுத் தந்தவை உறுப்பினர்களின் பழைய பயிற்சிக் கையேடுகள். பத்துப் பேச்சு கொண்ட அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் மதிப்பீட்டாளர் தன் கையால் எழுதிக் கொடுப்பார். தேதியும் இருக்கும். யார் பேசினார், யார் கேட்டார், என்ன சொன்னார் எல்லாம் ஒரே பக்கத்தில். "கையைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்" என்ற குறிப்பு ஒருவர் கையேட்டில் ஏழு பேச்சுக்கு, ஏழு வேறு கையெழுத்தில் இருந்தது. இப்போது பயிற்சி எல்லாம் பாத்வேஸ் என்ற பெயரில் இணையத்துக்குப் போய்விட்டதால் பழைய கையேட்டை எடைக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் போய்ப் பிடியுங்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்த பிறகு உள்ள காலத்துக்கு வேறு மாதிரித் தொல்லை. காகிதமே கிடையாது. இலவச ஜூமில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்பதால் ஒரே கூட்டத்தை இரண்டு லிங்க்கில் நடத்தினோம். இரண்டாவது லிங்க்குக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்து டீச் சீட்டு. வாட்ஸாப் குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்து வாங்கிப் படியுங்கள். முழுசாகப் படித்தால் கண் போய்விடும். "மியூட்" என்ற சொல்லையும் "லிங்க்" என்ற சொல்லையும் தேடினாலே கூட்டம் நடந்த நாட்கள் வந்துவிடும்.

எவ்வளவு பின்னால் போவது

முன்னுரையில் தமிழ்ப் பேச்சுக்கலையின் வரலாற்றையே எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. மணிமேகலையில் பட்டிமண்டபம் இருக்கிறது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். திராவிட இயக்க மேடைகளை விட முடியுமா? பதினாலு பக்கம் வந்தது. ஒர்க்ஷாப் சாரிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கும்மா. நாங்க எப்ப வருவோம்?" என்றார்.

ஒரு பத்தியாகச் சுருக்கினேன். எங்கள் ஐவரில் மூன்று பேர் பள்ளி இலக்கிய மன்றத்திலும் கோயில் பட்டிமன்றத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள், அந்தப் பேச்சு அவர்களுடைய ஆங்கிலப் பேச்சிலும் எதுகை மோனையாக வந்து மதிப்பீட்டாளர்களைத் திணறடித்தது என்பது வரை மட்டும். வெளியுலகத்தை உங்கள் அரங்கத்துக்குள் வந்த அளவுக்கு மட்டும் எழுதினால் போதும். இன்னோர் உதாரணம்: 2014-இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார். மேடைக்கு அவர் ஒரு பூவோடு வந்திருந்தார். அடுத்த சில மாதங்களில் எங்கள் மன்றத்தில் மூன்று பேர் கையில் ரோஜாவோடு மேடையேறியது மதிப்பீட்டுக் குறிப்புகளில் இருக்கிறது. மூன்றாமவருக்கு மதிப்பீட்டாளர், "பூ நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அச்சு

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 64 என்றால் சரியாக நாலு பாரம். 66 பக்கம் எழுதிவிட்டுக் கூடுதல் செலவு என்ன என்று கேட்பதைவிட, தலைவர் பட்டியலின் எழுத்தளவைக் குறைப்பது மலிவு. விளம்பரம் வாங்கினால் உள்ளே விடாமல் பின்னட்டையோடு நிறுத்துங்கள். ப்ரூஃபை மன்றத்துக்காரர்களிடம் கொடுத்தால் அவரவர் பெயர் வரும் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டில் கொடுங்கள்.

150 பிரதி போட்டோம். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே "திருத்தங்கள்" என்று மட்டும் அச்சடித்தேன். ஸ்கேன் செய்தவை இரண்டு பென் டிரைவில், இரண்டு வேறு வீட்டில் இருக்கின்றன. டின்னும் பைகளும் என் பீரோவின் அடித்தட்டில். வெங்காய வாசனை இன்னும் போகவில்லை.

புத்தகம் வெளியாகி ஒன்பதாம் நாள் காலையில் பொன்மலையிலிருந்து ஃபோன். ஒர்க்ஷாப் சாரின் மனைவி. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பதினெட்டாம் பக்கத்துல தேக்குன்னு போட்டிருக்கீங்களே. அவர் சொன்னாரா?"

"ஆமாம்மா, அவர்தான் சொன்னார்."

"பேக்கிங் பெட்டிப் பலகைம்மா அது. மாம்பலகை. நான்தானே பாலீஷ் போட்டேன்."

என் பிரதியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: பக்கம் 18, தேக்கு அல்ல, மாம்பலகை. பாலீஷ் போட்டவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.